வீட்டுக்குள்ள ஒரு மணிக்கூட்டு மேசை: சோளகம், வேர்வை, மாமான்ர சீக்கோ

மணிக்கூடு திருத்திறதைப் பொழுதுபோக்காப் பழகோணும் எண்டு நினைக்கிற ஆக்கள் முதல் கேக்கிறது என்னென்ன ஆயுதம் வாங்கோணும் எண்டுதான். யூரியூப்பில பாத்தால் சுவிஸ் ஸ்குரூட்ரைவர் செற், இழுப்பறை வைச்ச மேசை, ஏசி போட்ட அறை எண்டு இருக்கினம், அதைப் பாத்திட்டு யாழ்ப்பாணத்தில ஒரு வீட்டு அறைக்குள்ள அப்பிடியே செய்ய வெளிக்கிட்டால் காசுதான் கரையும். இஞ்சை முதல் தலையிடி ஆயுதம் இல்லை, காத்தும் வேர்வையும் புழுதியும். அதுகளுக்கு ஒரு வழி பண்ணின பிறகு நான் வாங்கினது கொஞ்ச ஆயுதம்தான், அது காணுமா இருந்தது. அதால இந்தப் பதிவில மேசையிலயும் அறையிலயும் கன நேரம் நிப்பன், மணிக்கூடு கழட்டிறதுக்குக் கடைசியிலதான் வருவன், அவசரப்படுற ஆக்கள் கீழ போய் வாசியுங்கோ.

எங்கட வீடு கோப்பாய்ப் பக்கம், செம்மண் காணி. சோளகக் காத்து எழும்பினால் காலமை துடைச்ச யன்னல் கட்டில பின்னேரம் விரலால பேர் எழுதலாம். மணிக்கூட்டுக்குள்ள இருக்கிற சில்லுகளின்ர அச்சு முனையள் சிலது 0.1 மில்லிமீற்றர் மொத்தம்தான் வரும், அதுக்குப் பக்கத்தில ஒரு செம்மண் துகள் போய் இருந்தால் றோட்டில பாறாங்கல்லு விழுந்த மாதிரித்தான். அதோட எண்ணெயும் சேர்ந்தால் அது அரைக்கிற பசையாகி அச்சைத் தின்னும். மாரியில வேற கரைச்சல், மழைக்காலம் முழுக்க ஈரம், இரும்புச் சாமான் எதையும் திறந்து வைக்கேலாது, ரெண்டு கிழமை கவனிக்காமல் விட்ட ஒரு சின்ன ஸ்குரூவில கபில நிறப் புள்ளியள் வரும். அப்ப புழுதிக்காலத்துக்கும் ஈரக்காலத்துக்கும் ரெண்டுக்கும் தாங்கிற மாதிரி இடம் வேணும்.

வீட்டில முன் விறாந்தையோட ஒட்டி ஒரு சின்ன அறை, பழைய பேப்பரும் சைக்கிள் சாமானும் போட்டு வைச்சிருந்தது, அதைத்தான் எடுத்தன். பெரிய அறை எடுக்காதேங்கோ. சின்ன அறை எண்டால் கூட்டித் துடைக்கவும் லேசு, ஒரு சாமான் விழுந்தால் தேடவும் லேசு. கதவு றோட்டுப் பக்கம் திறக்காமல் வீட்டுக்குள்ள திறக்கிறது புழுதிக்கு நல்லது. யன்னலுக்கு நுளம்பு வலை அடிச்சன், நுளம்புக்கு எண்டு அடிச்ச வலை பாதிப் புழுதியையும் பிடிக்குது, கிழமைக்கு ஒருக்கால் கழட்டிக் கழுவினால் தண்ணி சிவப்பா ஓடுறதைப் பாத்தால் தெரியும் எவ்வளவு உள்ளுக்கு வந்திருக்கும் எண்டு.

யன்னலைப் பற்றி ஒரு விசயம். மணிக்கூட்டு வேலை படிப்பிக்கிற வெளிநாட்டு ஆக்கள் எல்லாரும் வடக்குப் பாத்த யன்னல் எண்டால் வெயில் நேர விழாது, வெளிச்சம் ஒரே சீரா இருக்கும் எண்டு சொல்லுவினம். அது ஐரோப்பாவுக்குச் சரி. நாங்கள் கிட்டத்தட்ட 9.7 பாகை வடக்கில இருக்கிறம், சித்திரை நடுவில சூரியன் எங்கட உச்சிக்கு வந்து வடக்குப் பக்கம் கடந்துபோகும், ஆவணி மாதம் திரும்பி வரும் மட்டும் அங்கதான் நிக்கும். அந்த மாதங்களில காலமையும் பின்னேரமும் வடக்கு யன்னலுக்குள்ளாலயே வெயில் சரிஞ்சு விழுகுது. மினுக்கமான பித்தளைத் தட்டில வெயில் பட்டால் லூப் (கண்ணில பூட்டிற பூதக்கண்ணாடி) போட்ட கண்ணுக்கு ஒண்டும் தெரியாது. அதால மேசையை யன்னலுக்கு நேர போடாமல் இடக்கைப் பக்கம் யன்னல் வாற மாதிரிப் போட்டு, பேக்கிங் பேப்பர் ஒண்டை யன்னலில பாதிக்கு ஒட்டினன். முக்கிய வெளிச்சம் லைற்தான். 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில ஊரில எல்லா வீட்டிலயும் சார்ஜ் ஏத்திற எல்.ஈ.டி லைற் வாங்கினது ஞாபகம் இருக்கும், அதில ஒண்டை வளையிற கம்பியில பூட்டி மேசைக்கு எடுத்தாச்சு, கரண்ட் போனாலும் கையில பிடிச்ச பலன்ஸ் வீல் (அங்கயும் இஞ்சயும் ஆடி நேரத்தைப் பிடிக்கிற சில்லு) இருட்டுக்குள்ள நிக்காது.

இனி மேசை. இதுதான் என்ர கணக்கில முழு வேலைக்கும் அத்திவாரம். சாதாரண எழுதிற மேசை 75 சென்ரிமீற்றர் உயரம், அதில குனிஞ்சு இருந்து மணிக்கூடு பாத்தால் அரை மணித்தியாலத்தில பிடரி வலிக்கும், வலிச்சால் கை நடுங்கும், கை நடுங்கினால் ஸ்குரூட்ரைவர் வழுக்கும். ரவுணில முந்தி கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால இருந்து மணிக்கூடு திருத்தின ஆக்களைக் கண்ட ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும், பெட்டி அவையின்ர நெஞ்சு உயரத்துக்கு இருக்கும், அவை பதிஞ்ச ஸ்ரூலில இருப்பினம், ரெண்டு முழங்கையும் பலகையில கிடக்கும், தலை நிமிர்ந்தபடி கண்ணுக்கு நேர வேலை. அதைத்தான் செய்யோணும். என்ர பழைய படிப்பு மேசைக்குக் கீழ பனைமரக் கட்டை நாலு வெட்டி வைச்சு உயர்த்தினன், இப்ப 98 சென்ரிமீற்றர் நிக்குது. பனைக் கட்டை எண்டபடியால் பாரம், மேசை அசையாது, அதுவும் ஒரு வசதி. கதிரையை மாத்தி மாத்தி வைச்சுப் பாத்து, நிமிர்ந்து இருக்கேக்க மேசை விளிம்பு கமக்கட்டுக்குக் கொஞ்சம் கீழ வந்தால் அதுதான் அளவு. ஆளுக்கு ஆள் மாறும், சென்ரிமீற்றரைப் பாக்காதேங்கோ, உங்கட முழங்கையைப் பாருங்கோ.

மேசையின்ர பின்பக்கமும் ரெண்டு கரையும் மரப் பீடிங் அடிச்சு ஒரு சின்ன வரம்பு கட்டினன், உருண்டுபோற ஸ்குரூ அதில முட்டி நிக்கும். முன்பக்கம் வரம்பு கட்டேலாது, கை இடிக்கும். அதுக்குத் தையல் கடையில குடுத்து வெள்ளைத் துணியில ஏணை மாதிரி ஒண்டு தைப்பிச்சு, ஒரு கரையை மேசைக்குக் கீழ வெல்குறோவால ஒட்டி, மற்றக் கரையை சேட்டில கிளிப் பண்ணுறன். மேசையில இருந்து விழுற சாமானில முக்கால்வாசி மடியிலதான் விழும், துணி இருந்தால் நிலத்துக்குப் போகாது. எழும்பேக்க கிளிப்பைக் கழட்ட ஞாபகம் வேணும், அதுக்கு ஒரு பழக்கம் வந்திடும். நிலம் எங்கட வீட்டில பழைய சிவப்புச் சீமெந்து, வடிவுதான், ஆனால் சின்ன உருக்குச் சாமான் அதில விழுந்தால் கண்ணுக்கு அகப்படாது. மேசைக்குக் கீழ மட்டும் வெள்ளை லினோலியம் விரிச்சிருக்கு. தேடுறதுக்கு ஒரு காந்தத்தை பொலித்தீன் பைக்குள்ள போட்டு நிலத்துக்கு மேலால மெதுவா இழுக்கோணும், உருக்கெண்டால் பையில ஒட்டும், பையை உள்பக்கம் வெளியா மாத்தி எடுத்தால் சாமான் கையில. பேந்து அந்தச் சாமானில காந்தம் ஏறியிருக்கும், அதை எடுக்க நீலப் பெட்டி டிமக்னடைசர் ஒண்டு வேணும், விலை பெரிசில்லை. பித்தளையும், அச்சு முனை சுத்திற சிவப்புக் கல்லும் காந்தத்துக்கு வராது, அதுகளுக்கு ரோச் லைற்றை நிலத்தோட படுக்க வைச்சுப் பிடிச்சால் நிழல் நீளமா விழும், நிழலைத் தேடோணும்.

இப்ப வேர்வைக்கு வாறன். மேல் ஃபான் போட்டால் பலன்ஸ் வீலோட இருக்கிற மெல்லிய சுருள், ஹெயார் ஸ்பிரிங் எண்டு சொல்லுறது, ஆடும், காகிதம் பறக்கும், புழுதி எழும்பும். ஃபான் போடாட்டி பங்குனி சித்திரையில நெத்தியில இருந்து லூப்புக்குள்ள வேர்வை இறங்கும். விரல் வேர்வை இன்னும் மோசம், அதில உப்பு இருக்கு, உருக்கில தொட்ட விரல் அடையாளம் சில நாளில துருவா நிக்கும், பழைய மணிக்கூடுகளைத் திறந்து பாத்தால் முந்தித் திருத்தின ஆளின்ர கைரேகை தட்டில பதிஞ்சிருக்கிறதை நீங்களே காண்பீங்கள். நான் கண்ட வழி, மேசை ஃபானை நிலத்தில வைச்சு காலுக்கு மட்டும் காத்து அடிக்க விடுறது, மேசைக்கு முன்னால ஒரு பிளைவூட் தட்டி நிப்பாட்டினால் காத்து மேல வராது. கால் குளிர்ந்தால் பாதி வேர்வை குறையுது, நம்பாட்டிச் செய்து பாருங்கோ. நெத்தியில துவாய்த் துண்டு. விரலுக்கு ரப்பர் உறை, விரல் நுனிக்கு மட்டும் போடுறது, பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூண்டுக்கும் போட்டால் காணும், முழுக் கையுறை போட்டால் கைக்குள்ள குளம். எல்லாத்திலயும் திறம் விடிய எழும்பி வேலை செய்யிறது, அஞ்சு மணிக்கு இருந்தால் எட்டு மணி மட்டும் காத்தும் இல்லை, வெக்கையும் இல்லை, வீட்டில ஆக்களும் கூப்பிடாயினம்.

பின்னேரத்தில வேலை செய்யிற ஆக்களுக்கு ஒரு கட்டாயமான எச்சரிக்கை. சாமான் கழுவிறது நாப்தாவில, அதாவது லைட்டருக்கு ஊத்திற எண்ணெய். அதின்ர ஆவி கண்ணுக்குத் தெரியாது, காத்தை விடப் பாரம், நிலத்தோட ஊர்ந்து போகும். எங்கட வீடுகளில ஆறு மணி எண்டால் மேசைக்குக் கீழ நுளம்புத்திரி, வெள்ளிக்கிழமை எண்டால் சாம்பிராணி. ரெண்டும் ஒரே அறையில கூடவே கூடாது. நான் கழுவிற வேலையைப் பகலில, விறாந்தையில, திறந்த இடத்தில மட்டும்தான் செய்யிறது, போத்தலும் அங்கதான் பூட்டின அலுமாரிக்குள்ள. நுளம்புத்திரிச் சாம்பலும் மணிக்கூட்டுக்கு ஆகாது, அது தனிக் கதை.

ஆயுதத்துக்கு வருவம். காசு செலவழிக்கிற வரிசை எண்டு கேட்டால் நான் சொல்லுறது லூப், ட்வீசர், ஸ்குரூட்ரைவர், எண்ணெய். மிச்சம் எல்லாம் பிறகு. லூப்பில இலக்கம் கூடினால் நல்லது எண்டு நினைச்சு 10 மடங்கு வாங்கிற ஆக்கள் கன பேர், 250 ஐ மடங்கால பிரிச்சால் கிட்டத்தட்ட எத்தனை மில்லிமீற்றர் தூரத்தில பிடிக்கோணும் எண்டு வரும், 10 மடங்கு எண்டால் 25 மில்லிமீற்றர், அந்த இடைவெளிக்குள்ள ஸ்குரூட்ரைவர் எப்பிடிப் போகும்? வேலைக்கு 3 அல்லது 4 மடங்கு, 10 மடங்கு பாக்கிறதுக்கு மட்டும், கல்லு வெடிச்சிருக்கோ, எண்ணெய் சரியா நிக்குதோ எண்டு. லூப் வேர்வையில புகார் பிடிக்கும், பக்கத்தில ரெண்டு மூண்டு சின்ன ஓட்டை துளைச்சு விட்டால் பிடிக்காது.

ட்வீசர் ஒண்டு மட்டும் நல்லது வாங்குங்கோ, நான் டூமோன் 3 ஆம் நம்பர் லண்டனில இருக்கிற மச்சானிட்டச் சொல்லி எடுப்பிச்சன். மற்ற வேலைக்கு, பற்றரி எடுக்க, ஸ்ட்ராப் பின் கழட்ட, கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகைத்தொழில் சாமான் விக்கிற கடையில வாங்கினதே காணும். நகை வேலை செய்யிற பத்தர்மார் இருக்கிற ஊரில மணிக்கூட்டு வேலைக்கு வெளிக்கிடுறது உண்மையில அதிஷ்டம், சின்ன பிரஷ், மெல்லிய அரம், பித்தளைத் தூரிகை, கண்ணாடிச் சிமிழ், பொலிஷ் பேப்பர் எல்லாம் அந்த றோட்டிலயே கிடைக்கும், அதுகளுக்காகக் கப்பலில சாமான் வரும் எண்டு காத்திருக்கத் தேவையில்லை. ட்வீசர் வாங்கேக்க லைற்றுக்கு நேர பிடிச்சு லூப்பால நுனி ரெண்டும் முட்டுதோ பாருங்கோ, அழுத்தினால் நுனி விரியிற ட்வீசர்தான் சாமானைச் சுண்டி எறியிறது.

ஸ்குரூட்ரைவர் 0.8, 1.0, 1.2, 1.4, 1.6 மில்லிமீற்றர், இந்த அஞ்சும் கன தூரம் கொண்டுபோகும். மலிவுச் செற் வாங்கினாலும் பறவாயில்லை, அலகை எண்ணெய்க் கல்லில தீட்டி ஸ்குரூவின்ர வெட்டுக்குச் சரியாப் பொருந்த வைக்கோணும், அகலமும் சரி மொத்தமும் சரி. பொருந்தாத அலகாலதான் ஸ்குரூத் தலை கீறுப்படுறது, தீட்டப் பழகாத ஆளுக்கு சுவிஸ் செற்றும் உதவாது. கல்லு ஓட்டை துப்புரவாக்கிற மரக்குச்சிக்கு எங்கட ஈர்க்கைச் சீவிப் பாத்தன், நார் விடுது, கல்லு ஓட்டைக்குள்ள நார் முறிஞ்சு நிண்டால் வினை. அதுக்கு பெக்வூட் எண்டு விக்கிற குச்சியே வாங்கிறது நல்லது, ஒரு கட்டு வாங்கினால் வருசக்கணக்கில இருக்கும்.

சாமான் வைக்கிறதுக்கு பாமசியில விக்கிற கிழமை மாத்திரைப் பெட்டி. ஞாயிறு தொடங்கி சனி மட்டும் ஏழு அறை, ஒவ்வொண்டுக்கும் மூடி. கழட்டிற ஒழுங்கில போட்டால் பூட்டேக்க சனியில இருந்து பின்னால வரலாம். அதோட ஒவ்வொரு படிக்கும் ஃபோனால படம்.

எண்ணெயிலதான் எனக்கும் ரவுணில கன காலமா மணிக்கூடு திருத்திற ஐயா ஒராளுக்கும் சண்டை. சண்டை எண்டால் அன்பான சண்டை. அவர் பெற்றோலில கழுவி, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, நாப்பது வருசமா மணிக்கூடு ஓட்டியிருக்கிறார். "தம்பி, உம்மட சின்னப் போத்தல் எண்ணெயின்ர காசுக்கு நான் ஒரு மணிக்கூடே வாங்குவன்" எண்டார். அவர் சொல்லுறதில நியாயம் இருக்கு, யுத்தக் காலத்தில எண்ணெய் எங்க, பெற்றோல் எங்க, கிடைச்சதைத்தான் விட்டவை. ஆனால் மெஷின் எண்ணெய் ஒரு இடத்தில நிக்காது, படரும். கல்லில வெட்டியிருக்கிற சின்னக் கிண்ணத்துக்குள்ள துளியாத் தங்கி நிக்கிறதுக்கு எண்டுதான் மணிக்கூட்டு எண்ணெய் செய்யிறது, அது படர்ந்து போனால் அச்சு வறளும், படர்ந்தது ஹெயார் ஸ்பிரிங்கில பட்டால் சுருள் ஒண்டோட ஒண்டு ஒட்டி மணிக்கூடு பேய் வேகத்தில ஓடும். எங்கட வெக்கைக்கு இன்னும் கெதியாப் படரும். நான் வைச்சிருக்கிறது மோபியஸ் 9010, வேகமா ஓடுற பலன்ஸ் பக்கத்துக்கு. டி5, மெதுவா பாரம் தாங்கிற சில்லுகளுக்கு. 9415, பலெட் ஃபோர்க் எண்ட, சில்லுகளை அடி அடியா விடுற கவையில இருக்கிற கல்லு நுனிக்கு. கல்லுக் கிண்ணம் நிரம்ப விடப்படாது, பாதிக்குக் கொஞ்சம் மேல காணும். பலெட் ஃபோர்க்கின்ர அச்சுக்கு எண்ணெய் விடுறதில்லை. போத்தலை இருட்டான இடத்தில, வெக்கை குறைஞ்ச அலுமாரிக் கீழ்த்தட்டில வையுங்கோ, ரெண்டு மில்லிலீற்றர் போத்தல் பொழுதுபோக்குக்காரனுக்கு முடியவே முடியாது, திகதிதான் முதல் முடியும்.

கழுவிறதில ஒரு விசயம் கட்டாயம் தெரியோணும். நாப்தாவில கழுவின பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலில அலசிறது வழக்கம், நல்லாக் காயும். ஆனால் பலெட் ஃபோர்க்கில இருக்கிற சிவப்புக் கல்லு ரெண்டையும், பலன்ஸுக்குக் கீழ இருக்கிற சின்னக் கல்லையும் ஒட்டி வைச்சிருக்கிறது ஷெல்லாக், அதாவது அரக்கு. அரக்கு அல்ககோலில கரையும். அதால அந்த ரெண்டும் நாப்தாவோட நிக்கோணும், அல்ககோல் போத்தலுக்குக் கிட்டவும் போகப்படாது.

பழக முதல் எடுத்தது 6497 எண்ட சுவிஸ் மெஷின் மாதிரியில சீனாவில செய்யிற பெரிய மூவ்மெண்ட் (மணிக்கூட்டின்ர உள் மெஷின்) ஒண்டு, 36.6 மில்லிமீற்றர் அகலம், சாவி குடுக்கிறது, திகதி கிகதி ஒண்டும் இல்லை, சில்லு எல்லாம் கண்ணுக்கு முன்னால. அதைக் கழட்டிப் பூட்டிக் கழட்டிப் பூட்டி, கண் பாக்க முதல் கை போற அளவுக்கு வந்த பிறகுதான் வீட்டு மணிக்கூட்டில கை வைச்சது. இதைப் பற்றிப் பெரிசாச் சொல்ல ஒண்டும் இல்லை, எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம், சரியாத்தான் சொல்லுகினம்.

மேசை போட்ட கதை ஒழுங்கைக்குள்ள பரவினாப் பிறகு வாறதெல்லாம் பற்றரி மணிக்கூடுதான். "தம்பி, இதுக்கு ஒரு பற்றரி போட்டுத் தாறீரோ" எண்டு மதிலுக்கு மேலால கை நீளும். அதையும் குறைச்சு நினைக்கத் தேவையில்லை. கனக்க வாறது எஸ்ஆர்626 அளவு, சில்வர் ஒக்சைட், 1.55 வோல்ட். அதே அளவில எல்ஆர்626 எண்டு அல்கலைன் மலிவா இருக்கும், கடைக்காரர் அதைத்தான் முதல் நீட்டுவினம், அது ஓட ஓட வோல்ட் இறங்கும், ஒழுகிறதும் கூட. உள்ளுக்கு இருக்கிற குவாட்ஸ் கல்லு செக்கனுக்கு 32,768 தரம் அதிருது, அதை 15 தரம் பாதி பாதியாப் பிரிச்சால் செக்கனுக்கு ஒண்டு, அதுதான் அந்த முள்ளுத் துள்ளல். நிண்டுபோன மணிக்கூட்டுக்குள்ள பழைய பற்றரியை விட்டு வைக்காதேங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லுறன், ஒருத்தரும் கேக்கினமில்லை. 90களில பொருளாதாரத் தடையில பற்றரி யாழ்ப்பாணத்துக்கு வரவிடாமல் தடுத்த சாமான், அப்ப அலுமாரிக்குள்ள கிடந்த சாவி மணிக்கூடுகள் எல்லாம் திரும்ப வெளிய வந்ததெண்டு அந்த ஐயா சொன்னார், அவரிட்ட அப்ப வந்த வேலை அதுக்குப் பிறகு வரேல்லையாம்.

சரி, மாமான்ர சீக்கோ 5, கை ஆட்டத்தில தானாச் சாவி ஏறிற மணிக்கூடு. கட்டாரில இருந்து கொண்டுவந்தது, உள்ளுக்கு 7எஸ்26, சீக்கோ 1996 இல கொண்டுவந்த மெஷின், மணித்தியாலத்துக்கு 21,600 அடி, செக்கனுக்கு 6. கையில கட்டினால் ஓடுது, கழட்டி வைச்சால் கொஞ்ச நேரத்தில நிக்குது, நாளுக்கு ரெண்டு நிமிசம் பிந்துது. பின் மூடியை ரப்பர் பந்தால அமத்தித் திருப்பினால் வரும் எண்டு சொல்லுவினம், இது வரேல்ல, வேர்வையும் புழுதியும் சேர்ந்து இறுகியிருந்தது. விளிம்பைப் பல்குத்தியால சுரண்டி, ஒரு துளி எண்ணெய் காட்டி இரவு முழுக்க விட்டு, காலமை மூண்டு கால் திறப்பானால திருப்பினன். உள்ளுக்குப் பாத்தால் எண்ணெய் காஞ்சு கபிலமா இருந்தது, துரு இல்லை.

கழட்ட முதல் அளந்தது. மணிக்கூட்டின்ர டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கிற வெய்ஷி ரைம்கிராபர் எண்டு ஒரு பெட்டி இருக்கு, மற்ற எல்லா ஆயுதத்தையும் சேர்த்தாலும் அதின்ர விலை வராது, அதால இப்போதைக்கு ஃபோன் அப் ஒண்டும் மணிக்கூட்டில ஒட்டிற சின்ன பியசோ மைக்கும். விடியக் காலமை மட்டும்தான் சரியா அளக்கும், காகம் கத்தினாலும் கோடு குழம்பும், கோயில் கொடியேறி லவுட்ஸ்பீக்கர் கட்டினால் அந்த நாள் முழுக்க அளவை மறந்திட வேண்டியதுதான். அப்பில லிஃப்ற் அங்கிள் எண்ட இடத்தில இந்த மெஷினுக்கு 53 போடோணும், அதை மாத்தாமல் விட்டால் ஆம்பிளிற்யூட், அதாவது பலன்ஸ் எத்தனை பாகை ஆடுது எண்டது, பொய்யா வரும். வந்தது 175 பாகை, நாளுக்கு 130 செக்கன் பிந்தல்.

மேல இருக்கிற சுத்திற பாரத்தை எடுத்து, மணிக்கூட்டை ஓட்டிற மெயின் ஸ்பிரிங்கின்ர பலத்தை இறக்கோணும். இது தவறினால் பலெட் ஃபோர்க்கைத் தூக்கின உடன சில்லு எல்லாம் வெறி கொண்டு சுத்தி அச்சு முறியும். 7எஸ்26 இல சாவி குடுக்கேலாது, அதால ஸ்பிரிங்கை முறுக்கிற றட்செற் சில்லு ஸ்குரூவில ஸ்குரூட்ரைவரை ஊண்டிப் பிடிச்சபடி, சில்லைப் பின்னுக்குப் போகவிடாத கிளிக் எண்ட கொக்கியை மெதுவா விலத்தி, கொஞ்சம் கொஞ்சமாக் கையுக்குள்ளால விடவேணும். டயல் பக்கம் கிழமைத் தட்டைப் பிடிச்சிருக்கிறது ஒரு சி வடிவக் கிளிப், சீக்கோ கழட்டின எல்லாருக்கும் அதைத் தெரியும். மூவ்மெண்டை முழுசா ஒரு பெரிய கண்ணாடி மாதிரிப் பொலித்தீன் பைக்குள்ள வைச்சு, ட்வீசர் பிடிச்ச கையையும் பைக்குள்ள விட்டுக் கழட்டினால் கிளிப் எங்க துள்ளினாலும் பைக்குள்ளதான். பலன்ஸின்ர கல்லுக்கு மேல இருக்கிற, அதிர்ச்சி தாங்கிற டயாஷொக் ஸ்பிரிங்குக்கும் அதே பைதான். அது மூண்டு இதழ் பூ மாதிரி, ஒரு மில்லிமீற்றர் கொஞ்சம், காத்தில போனால் போனதுதான்.

மெயின் ஸ்பிரிங் இருக்கிற பரலைத் திறக்கேல்ல. சீக்கோ அதை முழுசா மாத்திற சாமானாத்தான் விக்கிறது, என்னட்ட ஸ்பிரிங் சுத்திற வைண்டரும் இல்லை, கையால சுத்திப் போட்டால் ஸ்பிரிங் கோணும். அச்சு ஆடாமல் சீராச் சுத்தினபடியால் வெளிப்பக்கம் மட்டும் துடைச்சன். சுவிஸ்காரர் இதை ஒத்துக்கொள்ளாயினம், பறவாயில்லை.

பூட்டேக்க ஆறுதலா இருக்கவேண்டிய இடம் ஒண்டுதான், சில்லுகளின்ர மேல் அச்சைப் பிடிக்கிற தட்டை, பாலம் எண்டு சொல்லுறது, மேல வைக்கிறது. எல்லா அச்சும் தன்ர ஓட்டைக்குள்ள தானா விழும் மட்டும் பாலத்தை அமத்தப்படாது, விரல் பாரம் கூட வேண்டாம், ஒவ்வொரு சில்லையா குச்சியால தட்டிக் குடுத்தால் பாலம் தானாத் தாழும், அப்பதான் ஸ்குரூ. இறுக்கின பிறகு பரலைப் பல்லொண்டு தள்ளினால் கடைசிச் சில்லு வரைக்கும் ஓடி, நிக்கேக்க ஒருக்கால் பின்னுக்குத் திரும்பவேணும், அப்பிடித் திரும்பினால் எங்கயும் இறுக்கம் இல்லை. பிறகு பலெட், பிறகு பலன்ஸ். பலன்ஸை இறக்கி விட்டதும் அது தானாத் துடிக்கத் தொடங்கினது, ஸ்பிரிங்கில அவ்வளவு பலம் குடுக்கவும் இல்லை.

மஜிக் லீவர் எண்டு சீக்கோ சொல்லுற ரெண்டு விரல் கொக்கி இருக்கு, பாரம் எந்தப் பக்கம் சுத்தினாலும் ஸ்பிரிங்கை ஒரே பக்கம் முறுக்கும். அந்த ரெண்டு விரலும் பல்லுச் சில்லின்ர ரெண்டு கரையிலயும் இருக்கோணும், ஒரு கரையில ரெண்டும் போனால் மணிக்கூடு சாவி ஏறாது, மூடி பூட்டினாப் பிறகுதான் தெரியவரும். பூட்ட முதல் லூப்பால பாருங்கோ.

ஒரு முழு நாள் ஓட விட்டு, கையில கட்டி, விடிய அளந்தன். டயல் மேல பாத்தபடி 252 பாகை, நாளுக்கு 9 செக்கன் முந்தல், பீற் எரர் (டிக்குக்கும் டொக்குக்கும் இடையில வாற வித்தியாசம்) 0.4 மில்லிசெக்கன். சீக்கோவுக்கு 250 வந்தால் எனக்குக் காணும், 300 வேணும் எண்டு நிக்கிற ஆக்கள் சுவிஸ் மணிக்கூடு வாங்கட்டும். கரையில இருக்கிற திருகு கீழ பாத்த நிலையில நாளுக்கு 6 செக்கன் பிந்துது, ரெண்டும் சேர்ந்தால் கையில கட்டேக்க கிட்டத்தட்டச் சரியா வரும். பலன்ஸ் பாலத்தில ரெண்டு சின்னக் கைபிடி இருக்கு, ஒண்டு வேகத்துக்கு, மற்றது பீற் எரருக்கு, ரெண்டாவதைத் தொட்டால் முதலாவதும் மாறும், அதால முதல் பீற் எரரைச் சரி பண்ணி, பிறகு வேகம். பின் மூடி றிங்குக்கு சிலிக்கோன் கிறீஸ் பூசிப் பூட்டியாச்சு, ஆனால் கிணத்தடிக்குக் கட்டிக்கொண்டு போகவேண்டாம் எண்டு மாமாவுக்குச் சொல்லியிருக்கிறன், தண்ணி அழுத்தம் பாக்கிற மெஷின் என்னட்ட இல்லை.

இப்ப மேசையில கிடக்கிறது சித்தப்பான்ர எச்.எம்.ரி ஜனதா, பெங்களூர்ச் சாமான், 17 கல்லு, சாவி குடுக்கிறது. ஸ்பிரிங் களைச்சுப்போச்சு, அதை எடுத்து மாத்தாமல் இந்த முறை தப்பேலாது, அதால வைண்டர் ஒண்டு கொழும்பில சொல்லி வைச்சிருக்கு. மாரி தொடங்க முதல் வந்தால் நல்லது, வராட்டி சாமான் எல்லாம் சிலிக்கா ஜெல் பக்கற்றோட பிஸ்கற் ரின்னுக்குள்ள தை மட்டும் இருக்கட்டும்.